சிவப்பு மையில் ஒரு ‘ஹேட்’

சிராங்கூன் ரோடு
9 ஜூலை 2025

அன்புள்ள ரபியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டதால் பேனாவை எடுத்திருக்கிறேன். நம் மகள் ஹம்னா இதை உன் கையில் கொடுப்பாள். ஜூரோங்கில் உன் தங்கை ஆஸ்மா வீட்டில் நீ சௌகரியமாக இருப்பதாகச் சொன்னாள். நல்லது. இங்கே நானும் அவளும் மூன்று நாளாகக் கடைச் சாப்பாடுதான்.

ஞாயிற்றுக்கிழமை உன் இங்கிலீஷ் வகுப்புக்கு வந்து கத்தியது தப்பு. ஆனால் ஏன் கத்தினேன் என்று நீ கேட்கவே இல்லை. உன் நோட்டை நான் தேடி எடுக்கவில்லை, சாப்பாட்டு மேசையில் திறந்து கிடந்தது. ‘இந்த வகுப்பில் சேர்ந்தபோது எனக்குத் திருமணமாகி இருபத்திரண்டு வருடம்’ என்று இங்கிலீஷில் எழுதியிருந்தாய். அதில் நீ போட்டிருந்த ‘ஹேவ்’ என்ற சொல்லை அடித்துவிட்டு, மேலே சிவப்பு மையில் ‘ஹேட்’ என்று எழுதியிருந்தார் உன் ஜெய் சார். பக்கத்தில் சிரிக்கும் முகம் வேறு.

ஜவுளி விற்கிற என் இங்கிலீஷில் இலக்கணம் ஏது? பக்கத்துக் கடை ஒலி முகம்மதிடம் கேட்டேன். “ஹேவ்னா இன்னும் இருக்கு பாய். ஹேட்னா முடிஞ்சு போச்சு. அவ்ளோதான்லா” என்றான். நம் திருமணம் முடிந்துவிட்டது என்று வேறொரு ஆண் திருத்துகிறான். நீயும் அதற்குக் கீழே மூன்று முறை அழகாக எழுதிப் பழகியிருக்கிறாய். என் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்?

அந்த ஆள் கையில் கல்யாண மோதிரம் இல்லை. அதையும் கவனித்தேன்.

உன்
நூர்தீன்


ஜூரோங் வெஸ்ட்
12 ஜூலை 2025

அன்பு மச்சானுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். ஒலி முகம்மது பாய் நல்லவர்தான், ஆனால் இலக்கண வாத்தியார் இல்லை. ஹேட் வந்தாலே முடிந்துபோனது என்று அர்த்தமில்லை. நான் வகுப்பில் சேர்ந்தது ஜனவரியில். அந்த நாளில் நின்றுகொண்டு அதுவரை நடந்ததைச் சொன்னால் ஹேட். இன்றைக்கு நின்றுகொண்டு இன்றுவரை உள்ளதைச் சொன்னால் ஹேவ். ஜனவரிக்குப் பிறகு திருமணம் இருக்கிறதா இல்லையா என்று அந்தச் சொல் எதையும் சொல்லவில்லை. எனக்கே இது பிடிபட மூன்று வாரம் ஆனது. சிரிக்கும் முகத்தை ஜெய் சார் எல்லோர் நோட்டிலும்தான் போடுகிறார். அறுபது வயது செல்லக்கண்ணு அண்ணன் நோட்டில் இரண்டு இருக்கிறது.

ஏன் சேர்ந்தேன் என்று நீங்களும் கேட்கவில்லை.

போன நவம்பரில் உங்களுக்கு நெஞ்சு வலித்தபோது கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போனேன். உங்களால் பேச முடியவில்லை. ‘காலையிலிருந்து வலிக்கிறது’ என்று சொல்ல நினைத்து, “ஹீ ஹேட் பெயின் மார்னிங்” என்றேன். காலையில் வலித்தது, இப்போது இல்லை என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். காத்திருக்கச் சொன்னார்கள். நீங்கள் நாற்காலியிலிருந்து சரிந்த பிறகுதான் ஓடி வந்தார்கள். ‘ஹீ ஹாஸ் ஹேட் பெயின் சின்ஸ் மார்னிங்’ என்று சொல்லியிருந்தால் இன்னும் வலிக்கிறது என்று புரிந்திருக்கும். ஒரு சின்னச் சொல். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வகுப்பில்தான் நீங்கள் வந்து நின்று, “எவன்டா என் கல்யாணம் முடிஞ்சு போச்சுன்னு எழுதினவன்?” என்று கேட்டீர்கள். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்குக் குனியக்கூடத் தோன்றவில்லை.

ரபியா


சிராங்கூன் ரோடு
21 ஜூலை 2025

ரபியா,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. அதற்குப் பிறகும் நேற்று வகுப்புப் பக்கம் வந்தேன். மாடியில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், அந்த ஆள் உன் அருகில் வருகிறாரா என்று பார்க்கத்தான் வந்தேன். வரவில்லை.

நீதான் எழுந்து போனாய். போர்டில் ஏதோ எழுதினாய். திரும்பி எல்லோரையும் பார்த்து, அது ஏன் அப்படி என்று இங்கிலீஷில் விளக்கினாய். ஒரு பெரியவர் கை தட்டினார். உன் குரல் கதவைத் தாண்டி என்வரை வந்தது. எனக்கு வயிறு எரிந்தது ரபியா. ஜெய் மேல் இல்லை. உன் மேல்.

ஹம்னாவின் பள்ளிக்கூடம், வீட்டுப் பத்திரம், ஆஸ்பத்திரி என்று எங்கே போனாலும் நான்தான் பேசுவேன். நீ பின்னால் நின்று என் சட்டையை இழுத்து, “என்ன சொல்றாங்க மச்சான்?” என்பாய். நான் சலித்துக்கொள்வேன். ஆனால் அது எனக்குப் பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது. நீ கேட்பதை நிறுத்திவிட்டால் உனக்கு நான் எதற்கு என்று அந்தக் கதவுக்கு வெளியே நின்று யோசித்தேன். நீ என் உயிருக்காகப் படிக்கிறாய் என்று தெரிந்த பிறகும் இந்த எரிச்சல் போகவில்லை. அதுதான் வெட்கமாக இருக்கிறது.

நூர்தீன்


ஜூரோங் வெஸ்ட்
24 ஜூலை 2025

அன்பு மச்சானுக்கு,

நீங்கள் நின்றதைப் பார்த்தேன். கோபம்தான் வந்தது. இந்தக் கடிதம் வந்திராவிட்டால் வக்கீலைப் பார்க்கலாம் என்று ஆஸ்மாவிடம் சொல்லியிருப்பேன்.

பொறாமை உங்களுக்கு மட்டும்தானா? ஊரிலிருந்து வந்த நாள் முதல் எனக்கும் உண்டு. கடையில் நீங்கள் வெள்ளைக்காரர்களிடம் சிரித்துச் சிரித்துப் பேசுவீர்கள், மலாய்க்காரப் பெண்களிடம் மலாயில் கிண்டல் செய்வீர்கள். நான் பின்பக்கம் துணி மடித்துக்கொண்டிருப்பேன். அந்தப் பெண்களைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. உங்கள் நாக்கைப் பார்த்துத்தான் எரிந்தது. சட்டையை இழுத்தபோதெல்லாம் கூச்சத்தில் இழுக்கவில்லை, ஆத்திரத்தில் இழுத்தேன். நீங்கள் சொன்னதால் நானும் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வாருங்கள். வெளியே நிற்க வேண்டாம், உள்ளே வாருங்கள். ஜெய் சாரிடமும் வகுப்பில் இருக்கும் எல்லோரிடமும் மன்னிப்புக் கேளுங்கள். பிறகு பின்வரிசையில் உட்காருங்கள். வகுப்பு முடிந்ததும் சேர்ந்து வீட்டுக்குப் போகலாம். அடுத்த ஞாயிறும் நான் வகுப்புக்கு வருவேன்.

மன்னிப்பை இங்கிலீஷில் கேளுங்கள். நான் எழுதித் தரமாட்டேன்.

ரபியா