என் பெயரில் உன் ரத்தம்

காசிமேடு
12.2.2024

செல்லத் தங்கச்சி நர்மதாவுக்கு,

அக்கா கன்னியம்மா எழுதுவது. போனில் பேசினால் உன் மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கிறார். அதனால்தான் எண்ணூருக்கு மீன் கொண்டுவரும் ஆவுடையம்மாளிடம் கடிதம் கொடுத்தனுப்புகிறேன்.

உனக்குத் தைராய்டு டெஸ்ட் எடுத்து ஐந்து மாதம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்தால்தான் மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்று தெரியும் என டாக்டர் படித்துப் படித்துச் சொன்னாரே! உன் பத்தொன்பது வயதிலிருந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனவள் நான். கல்யாணமானதும் ஒரு நாள் வர நேரமில்லையா? மாத்திரையை அரிசி டப்பாவில் ஒளித்து வைத்து விழுங்குகிறாயாமே. கேட்டதும் சிரித்தேன், பிறகு அழுதேன்.

ஆசையுடன்,
அக்கா

எண்ணூர்
19.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மாட்டிக்கொண்டேன். அத்தை மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டார். "இன்னாடி இது? நோவுக்காரியை எங்க தலையில கட்டிட்டாங்களா?" என்று தெருவே கேட்கக் கத்தினார். பெண் பார்க்க வந்தபோதே நாம் சொல்லியிருக்க வேண்டும். சத்து மாத்திரை என்று சாதித்தேன். "அப்ப ரத்தம் குடுத்து, ஒண்ணுமில்லைனு ரிப்போர்ட்ட கொண்டாந்து காட்டு" என்கிறார்.

ஒழுங்காக மாத்திரை போடாததால் எனக்கு எகிறியிருக்கும். உனக்குத்தான் தைராய்டு இல்லையே. என் பெயரைச் சொல்லி நீ ரத்தம் கொடு, அக்கா. என் புருஷன் வெற்றி நல்லவர்தான், ஆனால் அம்மா பேச்சைத் தாண்டமாட்டார்.

உன் நர்மதா

காசிமேடு
24.2.2024

செல்லத்துக்கு,

கொடுத்துவிட்டேன். "வயசு?" என்று லேபில் இருந்த பெண் கேட்டாள். இருபத்து நாலு என்றேன். என் நரைமுடியைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள். எல்லாம் சரியாக இருப்பதாக ரிப்போர்ட் வந்திருக்கிறது, இதோடு வைத்திருக்கிறேன். காட்டிவிட்டுக் கிழித்துப் போடு. மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதே.

அக்கா

எண்ணூர்
4.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறேன். முதலில் உனக்குத்தான் சொல்ல நினைத்தேன்.

ரிப்போர்ட்டைப் பார்த்த அன்றே அத்தை மாத்திரைகளைச் சாக்கடையில் போட்டுவிட்டார். "அதான் ஒண்ணுமில்லைனு எழுதிகீதே!" என்றார். ரிப்போர்ட்டை அவரே பத்திரமாக வைத்துக்கொண்டார். போன வாரம் கிளினிக்கில் தைராய்டு பார்க்க வேண்டும் என்றதும் அதைத்தான் நீட்டினார். அவர்களும் குறித்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். எனக்கு முகம் உப்பியிருக்கிறது, நாள் முழுக்கத் தூங்குகிறேன். மசக்கை என்கிறார்கள்.

யாரிடமும் சொல்லிவிடாதே. தெரிந்தால் என்னைக் காசிமேட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். என்மேல் சத்தியம்.

நர்மதா

காசிமேடு
8.7.2024

கண்ணு,

சந்தோஷப்படக்கூட முடியவில்லை. இரண்டு முறை உன் வீட்டுக்கு பஸ் ஏறினேன். இரண்டு முறையும் திருவொற்றியூரிலேயே இறங்கித் திரும்பிவிட்டேன். சத்தியம் போட்டுவிட்டாயே, பாவி!

ஆவுடையம்மாளின் மீன் கூடையில் ஒரு மாத்திரை அட்டை வைத்திருக்கிறேன். அது பழைய அளவுதான். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கூடுதலாகத் தேவைப்படும் என்கிறார்கள். ரத்தம் பார்க்காமல் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? எப்படியாவது ஒருமுறை போய் உன் ரத்தத்தைக் கொடு. உன் காலில் விழுகிறேன்.

அக்கா

எண்ணூர்
10.10.2024

அக்காவுக்கு,

ஐந்தாம் மாதத்தில் குழந்தை போய்விட்டது. ஆண் குழந்தை. ஆவுடையம்மாள் சொல்லியிருப்பாள். அதைக் கேட்டு நீ வந்தபோது நான்தான் கதவைத் திறக்க வேண்டாம் என்றேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்த டாக்டரம்மா, "கடைசியா எப்போ டெஸ்ட் எடுத்தே?" என்று கேட்டார். கல்யாணத்துக்கு முன்னால் என்றேன். வெற்றி பக்கத்தில்தான் நின்றிருந்தார். அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இதனால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாதாம். மாதாமாதம் பார்த்து மாத்திரையைக் கூட்டியிருந்தால் பிள்ளை தங்கியிருக்கலாமாம்.

வெற்றி என்னை அனுப்பவில்லை. "எங்கிட்ட சொல்லியிருந்தா நானே இட்டுகினு போயிருப்பேனே" என்று அழுதார். இப்போது ஆறு வாரத்துக்கு ஒருமுறை அவரே கூட்டிப்போகிறார்.

ரத்தம் கொடுக்கச் சொன்னதும் நான்தான், சத்தியம் வாங்கியதும் நான்தான். தெரியும். ஆனாலும் அன்று நீ பஸ்ஸை விட்டு இறங்காமல் வந்திருக்க வேண்டும், அக்கா.

இனி ஆவுடையம்மாளிடம் எதுவும் கொடுத்தனுப்பாதே.

நர்மதா