எழுநூற்று எண்பத்தாறு ரூபாய் லேபிள்

14-6-2009, ஞாயிறு

பர்மா பஜாரில் வாங்கிய பெட்டி ஒருவழியாக வேலை செய்கிறது. கீழே கடையில் இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து மாடிக்கு ஒயர் இழுத்து, அம்மாவின் அறை டி.வி.யில் அதைச் செருகிவிட்டேன். கம்ப்யூட்டரில் எதை ஏற்றி வைத்தாலும் அம்மா படுத்தபடியே ரிமோட்டில் பார்த்துக்கொள்ளலாம். இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அவளுக்கு சி.டி. மாற்றக்கூட ஆள் ஓட வேண்டியிருக்கிறது. நான் வளையலுக்கும் ரிப்பனுக்கும் நடுவில் வியாபாரம் பார்த்துக்கொண்டிருப்பேன், மேலிருந்து "பாசித்து! நின்னுபோச்சுடா!" என்று சத்தம் வரும்.

வீட்டில் இருக்கிற டிஸ்க் அத்தனையையும் ஏற்றிவிடலாம் என்றிருக்கிறேன். அம்மா ஒன்றைத்தான் கேட்டாள். "ஷாஹீதாவ மொதல்ல ஏத்துடா."

என் தங்கையின் நிக்காஹ் சி.டி. அவள் மௌத்தாகி ஐந்து வருடமாகிறது.

16-6-2009, செவ்வாய்

காலையில் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. வந்த பிறகும் வேலை ஓடவில்லை. காரணம் அம்மாவின் லேபிள்.

கடையில் பொருளுக்கு விலை ஒட்டும் மெஷின் ஒன்று இருக்கிறது. அத்தா போய் அம்மா தனியான பிறகு, அவள் அதில் எண்ணைத் திருப்பி பிஸ்மில்லாவின் எண்ணான 786 என்று வைத்து, பரக்கத்து பெருகட்டும் என்று வீட்டிலுள்ள சாமானுக்கெல்லாம் அடித்துவிட்டாள். பீரோ, மிக்சி, அரிசி டின், எல்லாம் 'ரூ. 786.00'. "பாசித்து வூட்ல எத எடுத்தாலும் எழுநூத்தி எம்பத்தாறு" என்று தெருவில் கேலி. டிஸ்க்குகளையும் அவள் விடவில்லை. பழைய பிளேயரில் மெதுவாக ஓடியதால் தெரியவில்லை; ஒரு பக்கம் மட்டும் லேபிள் இருப்பதால் இதில் டிஸ்க் வேகமாகச் சுற்றும்போது ஆடுகிறது, கம்ப்யூட்டர் கடகடவென்று கத்துகிறது. ஒன்று உள்ளேயே சிக்கி, குண்டூசி விட்டு எடுத்தேன்.

பிரித்துவிட வேண்டியதுதான்.

19-6-2009, வெள்ளி

ஜும்மா முடிந்து கடையைத் திறக்காமல் உட்கார்ந்து பிரித்தேன். கடையில் வாங்கிய டிஸ்க்குகளில் லேபிள் வழவழவென்று வந்துவிட்டது. அந்தத் தைரியம்தான் குடியைக் கெடுத்தது.

நிக்காஹ் சி.டி. இரண்டு. முதலாவது ஆண்கள் பக்கம். அதில் லேபிள் சுலபமாக வரவில்லை, அப்படியே விட்டேன். இரண்டாவது பெண்கள் பக்கம். நகத்தால் நெம்பி ஒரே இழுப்பு. லேபிளோடு வெள்ளிப் பூச்சும் உரிந்து வந்துவிட்டது. டிஸ்க்கைத் தூக்கிப் பார்த்தேன் — என் விரல் அந்தப் பக்கம் தெரிகிறது.

யா அல்லாஹ், இன்னா பண்ணிட்டேன் நான்.

படமெல்லாம் அந்தப் பூச்சில்தான் இருக்குமாம். பளபளக்கிற அடிப்பக்கத்தையே இத்தனை வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்தோம்.

பெண்கள் அறைக்குள் ஆம்பளை காமிரா வரக்கூடாது என்று அத்தா சொல்லிவிட்டதால், வீடியோக்கார ஆல்பர்ட் தன் மனைவி நிஷாவிடம் காமிராவைக் கொடுத்து உள்ளே அனுப்பினார். அதில்தான் ஷாஹீதா பேசுகிறாள். மருதாணிக் கையால் அம்மாவின் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இன்னாத்துக்கும்மா அழுவுற? வாலாஜாபாத்து இன்னா துபாயா?" என்று சிரிக்கிறாள். அவள் குரல் வேறு எதிலும் இல்லை.

20-6-2009, சனி

"ஏத்திட்டியா?" என்றாள் அம்மா. "கரண்ட் இல்லம்மா" என்றேன். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

22-6-2009, திங்கள்

ஆல்பர்ட் ஸ்டுடியோவுக்குப் போனேன். டிஸ்க்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"இத ஒண்ணும் பண்ண முடியாது பாய். டேப்பும் இல்ல. அப்பல்லாம் ஒரே டேப்புல நாலு கல்யாணம் எடுப்போம், அழிச்சு அழிச்சு."

நான் டிஸ்க்கை உறைக்குள் வைத்தேன். அவரே சொன்னார். "ரெண்டு செட்டு குடுத்தேனே. ஒண்ணு மாப்ள வூட்டுக்கு."

வாலாஜாபாத்திலுள்ள மாப்பிள்ளை வீடு. ஷாஹீதாவுக்கு மஞ்சள் காமாலை முற்றும்வரை எங்களுக்குச் சொல்லியனுப்பாத வீடு. கிடத்தியிருந்த மய்யித்துக்கு முன்னால் நின்று "எம்பொண்ண கொன்னுட்டீங்களே" என்று அம்மா கத்தியது அந்த வாசலில்தான். அதோடு முடிந்தது. ஷாஹீதா பெற்ற சாய்ராவை இரண்டு வயதில் பார்த்தது. இப்போது ஏழு இருக்கும்.

அங்கே போய் எந்த முகத்தோடு சி.டி. கேட்பது?

24-6-2009, புதன்

சொல்லிவிட்டேன். இன்னொரு தடவை கரண்ட் மேல் பழி போட வாய் வரவில்லை.

அம்மா டிஸ்க்கை வாங்கித் தடவிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒட்டனது நான்தானேடா" என்றாள். சாயங்காலம் வரை அதைக் கையிலேயே வைத்திருந்தாள். விளக்கு போடும்போது, சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவங்க வூட்ல ஒண்ணு இருக்குமே."

ஆல்பர்ட் சொன்னதை நான் அவளிடம் சொல்லவே இல்லை.

26-6-2009, வெள்ளி

வாலாஜாபாத்துக்குக் கிளம்பி, பைக்கில் திருமுக்கூடல் பாலம் வரை போய்த் திரும்பிவிட்டேன்.

28-6-2009, ஞாயிறு

இன்று போனேன். பாலத்தில் நிற்கவில்லை, நின்றால் திரும்பிவிடுவேன் என்று தெரியும். கூப்பிடு தூரம்தான் வாலாஜாபாத். ஐந்து வருடமாக அதை துபாயாக்கி வைத்திருந்தோம்.

மாப்பிள்ளை ஷகீல் கதவைத் திறந்து அப்படியே நின்றான். முடி நரைத்திருக்கிறது. பிறகு, "வாங்க மச்சான்" என்றான். இரண்டாவது மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தாள். அதுவும் எனக்கு வலித்தது, ஏனென்று தெரியவில்லை.

"மாமி எப்படி கீறாங்க?" என்று கேட்டான். எல்லாவற்றையும் சொன்னேன், லேபிள் உரிந்தது வரை. அவன் டீயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சி.டி. கீது மச்சான். ஆனா எங்கிட்ட இல்ல. சாய்ராகிட்ட கீது. அவளுக்கு அம்மான்னா அதான்."

சாய்ரா கதவருகே நின்றிருந்தாள். ஷாஹீதாவின் நெற்றி. தலையணை உறையில் சுற்றிய டிஸ்க் நெஞ்சோடு இருந்தது. "மாமுகிட்ட குடுமா, காப்பி எடுத்துட்டுக் குடுத்துருவாரு" என்றான் ஷகீல்.

"மாட்டேன். அத பிச்ச மாதிரி இதையும் பிச்சுடுவாரு."

நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். அவள் சொன்னதில் என்ன தப்பு?

கிளம்பும்போது அவளே வாசலுக்கு வந்தாள். "நானே எடுத்துக்கினு வர்றேன். எங்கையில தான் இருக்கும்."

5-7-2009, ஞாயிறு

வந்தார்கள்.

ஷகீல் படியேற மாட்டேன் என்றான். நான்தான் கையைப் பிடித்து மேலே கூட்டிப் போனேன். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழ முயன்றாள், முடியவில்லை.

"அன்னிக்கி வாய்க்கு வந்தத சொல்லிட்டேன் மாப்ளே."

"நாங்களும் சீக்கிரம் சொல்லியனுப்பியிருக்கணும் மாமி." அவ்வளவுதான். அது போதுமா? தெரியவில்லை. இன்றைக்குப் போதும்.

கீழே கம்ப்யூட்டரில் சாய்ராவே டிஸ்க்கைப் போட்டாள். போட்டுப் போட்டுத் தேய்த்திருக்கிறாள், அடியெல்லாம் கோடு. காப்பி நகர்வேனா என்றது. பாதியில் கரண்ட் போய் யு.பி.எஸ். பீப் பீப் என்று அலற, இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவள் என் சட்டையைப் பிடித்திருந்ததை ஏற்றி முடித்த பிறகுதான் கவனித்தேன்.

மாடியில் போட்டோம். அந்த இடம் வந்தபோது படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. குரல் மட்டும் ஓடியது. "வாலாஜாபாத்து இன்னா துபாயா?" டி.வி.யோடு சேர்ந்து சாய்ராவும் அதைச் சொன்னாள், மனப்பாடம். அதே இழுப்பு.

ஐந்து வருடம் அந்த ஒரு வரிக்காகவே சி.டி. போடச் சொன்ன என் அம்மா டி.வி.யைப் பார்க்கவில்லை. குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். அழுதேன், வேறென்ன.

6-7-2009, திங்கள்

ஹார்ட் டிஸ்க் இருக்கும் கம்ப்யூட்டர் மேல் 'ரூ. 786.00'. நேற்று அம்மா சாய்ராவிடம் மெஷினைக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். பிரிக்கவில்லை.

18-7-2009, சனி

மிச்ச டிஸ்க்குகளையும் ஏற்றி முடித்தேன். வாலாஜாபாத்துக்கு இரண்டு காப்பி எழுதி உறையில் வைத்திருக்கிறேன், லேபிள் உறையின் மேல்தான்.

ரிமோட்டை அம்மாவின் கையில் கொடுத்து, "எல்லாம் இருக்கும்மா. ஷாஹீதாவப் போடட்டுமா?" என்றேன். அவள் அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

"நாளைக்கு ஞாயித்துக்கெயமதானே? சாய்ராவ இட்டுக்கினு வா."

"ஒவ்வொரு வாரமுமா? அவங்க இன்னா நெனச்சிப்பாங்க?"

"போடா. வாலாஜாபாத்து இன்னா துபாயா?"