கால் படாத பிரேக்

அன்புள்ள சின்னுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் என் முட்டியும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், அவருக்கு இருமல் விட்டதா. போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனில் நான் அப்பா என்று வாயெடுத்தாலே நீ பேச்சை மாற்றிவிடுகிறாய், அதனால்தான் கடிதம். பாதியில் மடித்து வைத்துவிடாமல் கடைசி வரை படி.

கல்யாணமாகிப் போனதிலிருந்து நீ ஒரே பாட்டைத்தான் பாடுகிறாய், அந்த வேனை விற்றுத் தொலை, அது வாசலில் நிற்கிறவரை நான் வரமாட்டேன் என்று. சொன்னபடியே வராமலும் இருக்கிறாய், பிடிவாதத்தில் அச்சு அசல் என் மகள். ஆனால் நம் சலவைக்கூடத்துக்கு அந்த வேன்தானே கைகால். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை அடுத்த ஊர் வரை கொண்டுபோய்க் கொடுப்பது நான் ஒருத்திதான், நெடுஞ்சாலை முழுக்க ஆக்ஸிலேட்டரை மிதித்தபடியே போனால் வலது முட்டி பன்னாக வீங்கிவிடுகிறது. அதனால் வண்டிகளுக்கு ஒயரிங் செய்கிற ஒருவரைப் பிடித்து க்ரூஸ் கண்ட்ரோல் வைத்துக்கொண்டேன். வேகம் பிடித்ததும் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், காலை எடுத்துவிடலாம், வண்டி அதே வேகத்தில் போகும், பிரேக்கைத் தொட்டால் விட்டுவிடும். கிழவிக்கு எதுக்கும்மா லிப்ஸ்டிக்கு என்று அந்த மனிதர் கேட்டார். கிழவி நானா வண்டியா என்று கேட்டேன், அப்புறம் வாயைத் திறக்காமல் வேலையைப் பார்த்தார்.

முதலில் சொகுசாகத்தான் இருந்தது. பிறகுதான் கவனித்தேன், ஆற்றுப்பாலம் ஏறி இறங்குகிற இடத்தில் பொத்தானில் எரிகிற பச்சை விளக்கு அணைந்து வண்டி தளர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் அங்கேதான், வேறெங்கும் இல்லை. அது எந்த இடம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். இதே வேனை ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு நெஞ்சு அடைத்த இடம், நீ பின்னால் துணி மூட்டைமேல் தூங்கிக்கொண்டிருந்த இடம். நொடியில் உயிர் போயிருக்கும், அவருக்கு எதுவுமே தெரிந்திருக்காது என்றார் டாக்டர். வண்டி தானாக உருண்டு ஓரமாக நின்றது இந்தப் பிள்ளையின் அதிர்ஷ்டம் என்றார்கள் எல்லோரும். அப்பா செத்துக்கொண்டிருந்தபோது நான் தூங்கினேனே, எனக்கு மட்டும் எதற்கு இந்த அதிர்ஷ்டம் என்று அன்றிலிருந்து நீ உன்னையே தின்றுகொண்டிருக்கிறாய். அந்த இடத்தில் என் கால் எதிலும் படாமல் வண்டி தானாக வேகம் குறைந்தால் எனக்கு எப்படி இருக்கும் சொல். முதல் சில நாள் பாலம் தாண்டும்வரை சாமி பேரைச் சொல்லிக்கொண்டே போனேன். அப்புறம் பயம் போய் ஆசை வந்துவிட்டது. பாலம் தெரிந்ததும் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொள்வேன். விளக்கு அணைந்ததும், வந்தாச்சா என்று அப்பாவிடம் கேட்பேன். ஒருநாள், சின்னு இன்னும் கோவமாத்தான் இருக்கா என்றுகூடச் சொன்னேன். சிரிக்காதே. அந்தப் பேச்சை நம்பித்தான் நான் அந்த வழியே போய்க்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பின்னால் வந்த லாரி மயிரிழையில் ஒதுங்கிப் போனது, ஓட்டியவர் திட்டிய திட்டை எழுத முடியாது. இதற்குமேல் விளையாட்டு வேண்டாம் என்று ஒயரிங்காரரிடம் போனேன். சக்கரம் சுற்றுவதை எண்ணுகிற காந்தத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தார், எர்த் ஒயரைச் சுரண்டி முறுக்கினார், ஒன்றும் மாறவில்லை. கடைசியில் பிரேக் லைட் ஒயரில் ஒரு சின்ன பல்பைக் கட்டிக் கையில் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். பாலம் இறங்கும்போது என் கால் தரையில் இருக்கிறது, அந்தப் பல்பு எரிகிறது சின்னு. யாரோ பிரேக்கை மிதித்ததுபோல் எரிகிறது.

வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, தலைகீழாகப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். பெடல் தண்டு வளைந்திருக்கிறதாம், அதனால் மேலே இருக்கிற பிரேக் லைட் சுவிட்சில் சரியாகப் போய் முட்டவில்லையாம். பாலத்து இணைப்பில் தூக்கிப்போடும்போது இடைவெளி விழுந்து, பிரேக் மிதித்துவிட்டார்கள் என்று அது நினைத்துக்கொள்கிறதாம். மற்ற மேடு பள்ளத்தில் நானே முன்கூட்டி பிரேக் போட்டுவிடுகிறேன், அங்கே மட்டும்தான் வேகம் குறைக்காமல் இறங்குகிறேன். அவ்வளவுதானா என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அப்போதுதான் அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார், இது சும்மா மிதிச்சு வளையறது இல்லம்மா, உசுரு போற மாதிரி ஏறி மிதிச்சாத்தான் வளையும், யாரு ஓட்டுனது இதை என்று. அவருக்கு நம் கதை எதுவும் தெரியாது.

எனக்கு முன் அப்பாவைத் தவிர அதை யாரும் ஓட்டியதில்லை. உன்னை எழுப்பிவிடக் கூடாதென்று அவர் எத்தனை மெதுவாக பிரேக் பிடிப்பார், நான் கேலிகூடச் செய்வேன். நானும் அப்படியெல்லாம் மிதித்தவள் இல்லை. உன் அப்பா வேறெப்போது அப்படி மிதித்திருப்பார், நீயே யோசி.

சுவிட்சை முன்னால் தள்ளி முடுக்கிக் கொடுத்துவிட்டார். பெடலையும் நிமிர்த்திடட்டுமா என்று கேட்டார், பிரேக்குக்கு ஆபத்தில்லை என்றால் அதைத் தொடாதீர்கள் என்றேன். நேற்று போனேன். விளக்கு அணையவில்லை, வண்டி பாலத்தைத் தாண்டி அதே வேகத்தில் போய்விட்டது. வெறிச்சென்று இருந்தது, ஆஸ்பத்திரி வாசல் வரை அழுதுகொண்டே ஓட்டினேன்.

நீயும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல் நன்றாக இருக்க வேண்டும், வேளாவேளைக்குச் சாப்பிடு, அவர் இருமலுக்கு டாக்டரைப் பாருங்கள். வேனை விற்பதென்றால் விற்கலாம், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் அதற்கு முன் ஒரே ஒரு தடவை வந்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து அந்தப் பெடலில் காலை வைத்துப் பார். வண்டி தானாக நிற்கவில்லை கண்ணு. நீ பின்னால் தூங்குவது அவருக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா