துருவின் மேல் ஒட்டிய கழுகு

காசெல், அக்டோபர் 1989

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. ஞாயிறன்று சேகரிப்பாளர் சந்தையில் அத்தனை பேர் முன்னால் நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அப்பா போரில் அணிந்த ஜெர்மன் ராணுவத் தலைக்கவசம் என்று ஒன்றைக் கொண்டுவந்தாய். சாகும் முன் உனக்கு மட்டும் ரகசியமாகக் கொடுத்தாராம். பழைய போர்ப்பொருட்களுக்குச் சான்று எழுதுகிறவன் என்பதால், அசல் என்று நான் கையெழுத்திட வேண்டுமாம். உள்ளே முகர்ந்து பார்த்தேன். பழைய தோல் வாசனை இல்லை, ஷூ பாலிஷ் நாறியது. பக்கவாட்டுக் கழுகுச் சின்னம் துருக்குழிகளின் மேலேயே படிந்திருந்தது. துருப்பிடித்த பிறகு யாரோ ஒட்டியிருக்கிறார்கள்.

“இது அப்பாவோடது இல்லடா. சின்னம் நேத்து ஒட்டினது,” என்றேன், உன் காதோடுதான்.

நீதான் ஊருக்கே கேட்கச் சொன்னாய். “அண்ணனுக்கு வயிறு எரியுது பாருங்க. அப்பா அவருக்கு ஒண்ணும் குடுக்கலல்ல.” பக்கத்தில் கடை போட்டிருந்த ஒட்மார்கூடச் சிரித்தான்.

நேற்று அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன்.

“உங்கப்பா கவசமா? சண்டை முடிஞ்சப்ப வீட்டுல பாத்திரம் ஏதுடா. பட்டறையில குடுத்து ஓட்டை போட்டு, எனாமல் பூசி வாங்கினேன். அதுலதானே உங்களுக்கு உருளைக்கிழங்கு வடிச்சேன்.”

அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்த்து வீட்டைக் காலி செய்தபோது, “இந்தக் குப்பை அண்ணனுக்கு,” என்று நீயே என் பெட்டியில் எறிந்த வடிதட்டு அது. எனாமலைச் சுரண்டினேன். உள்விளிம்பில் கவசம் செய்த ஆலையின் முத்திரை இருக்கிறது.

சான்று கேட்டு இனி ஆள் அனுப்பாதே. அதையும் தரமாட்டேன், வடிதட்டையும் தரமாட்டேன். இன்று மதியம் எனக்கு மட்டும் கொஞ்சம் கிழங்கு வேகவைத்து அதில்தான் வடித்தேன்.

உன் அண்ணன்