நீங்கள் திருப்பி வைத்த மாத்திரைகள்

என்னங்க,

சோறும் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். சாவி மாடி வீட்டு டீச்சரிடம். நான் மருத்துவரிடம் போகிறேன்.

அவர் படிப்படியாகக் குறைத்து நிறுத்திய மனச்சோர்வு மாத்திரையையும் ஹார்மோன் மாத்திரையையும் இன்று காலை என் டப்பாவில் மறுபடி வைத்திருந்தீர்கள். "பழையபடி இருந்துடேன்மா, நீ அழறதைப் பார்க்கவே பயமா இருக்கு" என்றீர்கள். எந்தப் பழையபடி? நம் மகளைப் பறிகொடுத்த அன்று, வந்தவர்களுக்குக் கண் கலங்காமல் நாற்காலி எடுத்துப் போட்டேனே, அந்தப் பழையபடியா? அன்று இந்த மாத்திரைகளால் மரத்துக் கிடந்த துயரம் ஆறாண்டு கழித்து இன்று வருகிறது. அதை வர விடுங்கள்!

காலையில் கதவை அறைந்து சாத்தியது என் தவறு.

ஹார்மோன் மாத்திரையை நிறுத்தியதில் எனக்கு உடம்பு கொதிக்கிறது, இரவில் ஜன்னலைச் சாத்தாதீர்கள்.

இன்னொன்று: நீங்கள் எந்த மாத்திரையும் போட்டதில்லை. அவளுக்காக நீங்கள் ஏன் அழவில்லை?