பூஞ்சைக்கு ஒரு கரண்டி மண்

அம்மா,

முதலில் ஆசீர்வாதம் கொடுங்கள். மூட்டுவலி குறைந்ததா? தம்பி நேரத்துக்குச் சாப்பிடுகிறானா? நான் நன்றாக இருக்கிறேன். சாவோ பாலோவில் இன்னும் குளிர் விடவில்லை, அவ்வளவுதான்.

ஆய்வுக்கூடத்தில் நான் வளர்க்கும் பூஞ்சை தனியாக விட்டால் ஊமைபோல் கிடக்கும் என்று சொன்னேனே. பக்கத்தில் ஒரு பாக்டீரியாவை வளர்த்தால்தான் ரோஷம் வந்து புதிதாக எதையாவது சுரக்கும். எத்தனையோ பாக்டீரியாவை வைத்துப் பார்த்தும் அசையவில்லை. போன வாரம் ஒன்று பலித்தது. வளர்க்கும் கண்ணாடித் தட்டு முழுக்க மஞ்சள் துளிகள்.

திங்கட்கிழமை போனால் தட்டைக் காணோம். கூட வேலை செய்யும் இவோனெச்சி, "ஒரே தட்டுல ரெண்டு முளைச்சா கெட்டுப்போச்சுன்னுதானேடி அர்த்தம்? ஆவியில வேகவச்சுக் கொட்டிட்டேன்" என்றாள். எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். விஷயம் தெரிந்ததும், "இனிமே மேல 'குப்பையில்ல'ன்னு எழுதி வைடி தாயே" என்று அவளே காப்பி போட்டுக் கொடுத்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

அந்தப் பாக்டீரியாவை நான் தனியாக எடுத்துவைத்திருக்கவில்லை. அப்பாவை அடக்கம் செய்த கையோடு பஸ் ஏறினேனே, அன்று என் செருப்பில் ஒட்டி வந்த மண்ணிலிருந்து எடுத்தது அது.

கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏற்றப் போகும்போது, அப்பா தலைமாட்டிலிருந்து ஒரு கரண்டி மண் எடுத்து அனுப்புங்கள். கரண்டியைக் கழுவிக்கொள்ளுங்கள். மரவள்ளி மாவும் கொஞ்சம் வையுங்கள். இங்கே கிடைப்பது வாயில் வைக்க விளங்கவில்லை.

கதவைப் பூட்ட வந்துவிட்டார்கள். மண் முழுவதையும் பூஞ்சைக்கே கொடுத்துவிட மாட்டேன் அம்மா. கொஞ்சம் நான் வைத்துக்கொள்வேன்.

உங்கள் ஜாசிரா