நாலாவது இடத்தில் ஐலா

நார்தம்பர்லாந்து
மே 19

அன்புள்ள அலரிக்,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் உனக்கு எரிச்சல் வரும். இருந்தாலும் கேட்கிறேன். இருமல் விட்டதா? இரவில் தூங்க முடிகிறதா? போன கடிதத்தில் உன்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

குழந்தை நன்றாக இருக்கிறாள். வியாழக்கிழமை எடை பார்த்தேன், நாலரைக் கிலோ. இடது காதின் மேல்விளிம்பு உன்னுடையதைப் போலவே மடிந்திருக்கிறது. கெட்டில் கொதிக்கும் சத்தம் கேட்டால் அழுகையை நிறுத்திவிடுகிறாள். அதனால் குடிக்காத தேநீருக்காக நாள் முழுவதும் வெந்நீர் போட்டுக்கொண்டிருக்கிறேன். நூலகத்திலிருந்து கொண்டுவந்த புத்தகங்கள் பிரிக்காமலே கிடக்கின்றன.

நீ கையெழுத்திட்டு அனுப்பிய படிவம் கிடைத்தது. நாம் திருமணம் செய்துகொள்ளாததால் அது இல்லாமல் பிறப்புப் பதிவேட்டில் உன் பெயர் ஏறாது. நாற்பத்திரண்டு நாள் கெடு இம்மாதம் இருபத்தொன்பதோடு முடிகிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றுக்குப் பதிவாளரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன்.

படிவத்தோடு நீ வைத்திருந்த பெயர்களையும் படித்தேன். சன்னிவா. எத்தல்ரெடா. இந்த ஊரில் வேறு யாருக்கும் இருக்கக் கூடாது என்று எழுதியிருந்தாய். கடைசியில், "ஐலா மட்டும் வேண்டாம்" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாய். காரணம் எழுதவில்லை. எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உன் அம்மாவும் இப்படித்தான் நினைத்தார். கல்லறைத் தோட்டத்துக் கல் ஒன்றில் உன் பெயரைக் கண்டுபிடித்த கதையை எத்தனை முறை சொல்லியிருப்பார். "இந்த நாட்டுலயே ஒரே ஒரு அலரிக் ரெட்பாத்துதான், தெரியுமா?" என்று மார்தட்டுவார். இப்போது அது அப்படியே உண்மையாகிவிட்டது. கைபேசியில் உன் பெயரைத் தட்டினால் ஒரே ஒரு ஆள்தான் வருகிறான். ஒரே படம்தான். அவனுக்கு ஒளிந்துகொள்ள இன்னொரு அலரிக் இல்லை.

குழந்தையின் புகைப்படங்களை உன் சிறை முகவரிக்கு அனுப்பத் தபால் நிலையத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் உறையைத் திருப்பிப் பெயரைப் படித்தாள். அதுவரை என் கோட்டைப் புகழ்ந்துகொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். எனக்குப் பின்னால் நின்றவர், "அந்த வேன்காரன் வீட்டுப் பொண்ணா இது?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். ரகசியமாகக் கேட்பதாக நினைத்திருப்பார். நான் தபால்தலையை ஒட்டிவிட்டு வெளியே வந்தேன். இப்போது உனக்கு எழுதும் கடிதங்களை அடுத்த ஊருக்குப் போய்த்தான் போடுகிறேன்.

பள்ளியில் என் வகுப்பில் நாங்கள் நான்கு லாரன்கள். நான் லாரன் எச். ஒருமுறை கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். லாரன் அழுகிறாள் என்று பள்ளி முழுக்கச் செய்தி பரவியது. எந்த லாரன் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. மற்ற மூவரையும்தான் போய்ச் சமாதானப்படுத்தினார்கள். என் வாழ்க்கையில் யாரும் எனக்குச் செய்த பெரிய உதவி அது. இதை உன்னிடம் முன்பு சொன்னதாக நினைவில்லை.

இனி சொல்லப்போவதை உட்கார்ந்து படி.

போன வாரம் எடை பார்த்துவிட்டு பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். அடுத்த நிறுத்தத்தில் திருமதி ஹெஸ்லப் ஏறினார். டோரீன் ஹெஸ்லப். வழக்கு நடந்தபோது நீ என்னை நீதிமன்றத்துக்கு வரவிடவில்லை, அதனால் அவருக்கு என்னைத் தெரியாது. பத்திரிகையில் கணவரின் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாரே, அந்த முகத்தை எனக்குத் தெரியும். தள்ளுவண்டிக்கு எதிர் இருக்கையில் வந்து உட்கார்ந்தார். எழுந்து போக இடமில்லை.

"அடடா, பொம்மை மாதிரி இருக்கே! பேரு என்ன கண்ணு?" என்றார்.

நான் யோசிக்கவில்லை. ஐலா என்று சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "இன்னொண்ணா! எங்க வீட்டுக்காரரு ஸ்கூல் வாசல்ல பலகையப் பிடிச்சு நின்னுட்டு, புள்ளைங்கள ரோடு தாண்ட விடுவாரு. ஏய் ஐலான்னு ஒரு சத்தம் போட்டா மூணு புள்ளைங்க அப்படியே நிக்கும்மா. ஒரு பேருல மூணு பேரைக் காப்பாத்திட்டேன் டோரீன்னு வந்து பீத்திக்குவாரு."

இதைச் சொல்லிவிட்டுக் குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். சாக்ஸ் நழுவியிருந்தது, அதை இழுத்துவிட்டார். அதன் பிறகு பள்ளி நிறுத்தம் வரும்வரை ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தார். இறங்கும்போது, "வரேன்டி, ஐலா" என்றார்.

சன்னிவா என்று சொல்லியிருந்தால், இது என்ன பெயர், யார் வைத்தது, எந்த வீடு என்று கேட்டிருப்பார். ஐலாவிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. வீடு வந்து சேர்ந்ததும் நிம்மதியாக இருந்தது. பிறகு அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாக இருந்தது. அவர் கையில் இருந்தது யாருடைய குழந்தையின் கால் என்று அவருக்குச் சொல்லாமல் இருந்துவிட்டேனே.

இப்போது உன் அடிக்கோட்டுக்கு வருகிறேன்.

அக்டோபரில், நாட்டில் குழந்தைகளுக்கு அதிகம் வைக்கப்படும் பெயர்களின் வருடாந்திரப் பட்டியல் வெளிவந்தது. நூலக வேலையின் இடைவேளையில் பார்த்தேன். மூன்று மணி பத்து நிமிடத்துக்கு உனக்குச் செய்தி அனுப்பினேன்: "ஐலா நாலாவது இடத்துக்கு வந்துவிட்டது. விட்டுவிடலாமா?" நீ ரொட்டி வேனில் பள்ளித் தெருவில் திரும்பிக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் தினமும் அங்கேதான் இருப்பாய். தெரிந்தும் அனுப்பினேன். நாளை அவள் வகுப்பில் இன்னும் இரண்டு ஐலாக்கள் இருந்துவிடுவார்களோ என்பது அன்று எனக்கு அவ்வளவு பெரிய கவலையாக இருந்தது.

நீதிமன்றத்தில் என்ன செய்தி என்று கேட்டபோது, வீட்டு விஷயம் என்று மட்டும் நீ சொன்னதாக உன் வழக்கறிஞர் என்னிடம் சொன்னார். உன் வேன் மோதி வில்ஃப் ஹெஸ்லப் இறந்ததற்கு, கைபேசியைப் பார்த்த நீதான் காரணம் என்று ஒப்புக்கொண்டாய். அது சரிதான். ஆனால் மறுமுனையில் ஒரு கை இருந்தது. நீ அதைக் காட்டவே இல்லை. ஏழு மாதமாக நாம் இருவரும் இதைப் பற்றிப் பேசாமல் இருக்கிறோம்.

அந்தப் பெயரை வாயில் எடுக்க உன்னால் முடியவில்லை. அதனால்தான் போன மாதம் நான் அவளைத் தூக்கிக்கொண்டு உன்னைப் பார்க்க வந்தபோது ஒரு மணி நேரமும் பாப்பா, பாப்பா என்றே கூப்பிட்டாய். எனக்குப் புரிந்தது. ஆனால் அலரிக், இவள் அந்தச் செய்தி இல்லை. அதற்கு முன்பே, ஆற்றுப் பாலத்தில் நின்றுகொண்டு, இந்தப் பெயர் உன் வாயில் நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னேனே, அந்தப் பெயர்.

செவ்வாய்க்கிழமை அவளை ஐலா என்று பதியப்போகிறேன். குடும்பப் பெயராக என்னுடையது, ஹைண்ட்மார்ஷ். இது உனக்கு வலிக்கும். மன்னித்துக்கொள். நாட்டில் ஆயிரம் ஐலாக்கள் இருக்கட்டும், இரண்டாயிரம் இருக்கட்டும். முதல் இடத்துக்கே வந்தாலும் சரி. அந்தக் கூட்டத்துக்குள் அவள் நிம்மதியாக நடக்கட்டும். யாருடைய மகள் என்பதை அவளே, அவளுக்குத் தோன்றும் நாளில், அவள் விரும்பும் ஆளிடம் சொல்லட்டும்.

ஆனால் தகப்பன் பெயர் என்ற இடத்தை வெறுமையாக விடமாட்டேன். உன் படிவத்தை எடுத்துப் பையில் வைத்துவிட்டேன். உன் முழுப் பெயரையும் எழுதச் சொல்வேன். தொழில் என்ற இடத்தில் ஓட்டுநர் என்றே எழுதச் சொல்வேன். ஊரிடமிருந்து அவளை மறைக்கலாம். உன்னை அவளிடமிருந்து மறைக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் பேசும்போது அவள் என் தோளில்தான் இருப்பாள். கருவியை அவள் காதில் வைக்கிறேன், அந்த மடிந்த காதில். உன்னால் முடிந்தால் ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிடு. முடியாவிட்டால் சும்மா மூச்சாவது விடு, கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

குளிரில் நிற்காதே. ஒழுங்காகச் சாப்பிடு.

உன்னுடைய,
லாரன்